கருப்புப் பொட்டு விழுந்த குதிரைகள்

குதிரை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஸ்கேன் டாக்டருக்கு அருவருப்பு என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே மறந்துவிட்டார் என்று அவளுடைய அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். அதில் பாதி பெருமை, பாதி புகார். செத்துப்போன குதிரைகளின் கால்கள் முட்டிக்குக் கீழே வெட்டப்பட்டு, சாக்கில் கட்டி, ஐஸ் போட்டு ஆஸ்பத்திரிக்கு வரும். டாக்டர் சாக்கை அவிழ்த்து, ஒவ்வொரு காலாக எடுத்துக் கழுவி, ஸ்கேன் மேசையில் மீன் அடுக்குவதைப்போல அடுக்குவாள். எலும்பு எங்கே தேய்ந்திருக்கிறது, மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான பூச்சு எங்கே உரிந்திருக்கிறது என்று படம் படமாகப் பார்ப்பாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

"உனக்கு எப்படிடி தொண்டையில இறங்குது?" என்பாள் அக்கா.

"பசிச்சா தானா இறங்கும்க்கா."

அவளுக்கு உதவியாளர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஆள் நெட்டை, ஒல்லி, தலையில் நரைத்த முடி குத்திட்டு நிற்கும். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. போனை எடுத்தாலும் "ஒட்டடைக்குச்சி பேசறேன்" என்றுதான் சொல்வார். குதிரைக்கு மயக்க ஊசி போட்டால் தலையைத் தாங்கிப் பிடிப்பதும், அது மூத்திரம் பெய்தால் துடைப்பதும் அவர் வேலை.

டாக்டருக்குக் கல்யாணமாகி, ஒத்துவராமல் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா வீட்டின் மாடியில் குடியிருந்தாள். சாயங்காலச் சாப்பாடு கீழே, அக்கா கையால். அக்காவின் வீட்டுக்காரர் பந்தயக் குதிரைகளை வாங்கிப் பழக்கி ஓட்டுகிறவர். மைதானத்தை ஒட்டியே அவருடைய லாயம். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, மை பூசிய மீசை, வாயைத் திறந்தால் சர்க்கரை. பெற்றவர்கள் இல்லாத தங்கை என்பதால் டாக்டருக்கு அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. அவளும் அத்தான் என்றால் ஒரு படி மேலேதான் வைத்திருந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி நடந்ததே அத்தானால்தான். பந்தயக் குதிரையின் கால் ஒரே நாளில் உடைவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டில் மொத்த உடம்பின் பாரமும் இறங்கி, எலும்புக்குள்ளே மயிரிழை மாதிரி விரிசல் விடும். எலும்பு தன்னைத்தானே பூசி மெழுகிக்கொள்ளப் பார்க்கும். அதற்குள் அடுத்த பந்தயம் வந்துவிடும். வெளியே வீக்கம் இருக்காது, நொண்டல் இருக்காது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. ஒரு நாள் நாலு கால் பாய்ச்சலில் போகும்போது மடக்கென்று ஒடியும். அது ஒடிவதற்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. குதிரையின் ரத்தத்தில் லேசான கதிர்வீச்சு மருந்து ஒன்றை ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் அது எலும்புக்குப் போய், எங்கே உள்காயம் ஆறிக்கொண்டும் உடைந்துகொண்டும் இருக்கிறதோ அங்கே அப்பிக்கொள்ளும். கேமராவின் முன்னால் குதிரையை நிறுத்தினால், திரையில் அந்த இடம் கருப்புப் பொட்டாகத் தெரியும்.

இதற்கு ஓடுகிற குதிரைகள் வேண்டும். எந்த முதலாளி தருவான்? அத்தான்தான் ஒவ்வொரு லாயமாகப் படியேறி, "நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம குதிரைங்களோட நல்லதுக்குத்தான் பண்றா" என்று பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். தன் குதிரைகளை முதல் ஆளாக அனுப்பினார். அதில் சிலவற்றுக்குப் பொட்டு விழுந்தது. ஆறு மாதம் முழு ஓய்வு, ஓட்டினால் கால் போய்விடும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள்.

"நீ சொன்னா சரிதான். எல்லாத்தையும் பண்ணைக்கு அனுப்பிட்டேன். புல்லு மேய்ஞ்சுக்கிட்டு ஜாலியா இருக்கு" என்றார் அத்தான்.

அந்தப் பந்தயப் பருவத்தில் அவர் லாயத்தில் ஒரு குதிரைக்கும் கால் ஒடியவில்லை. டாக்டர் அதை ஒரு பெரிய கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிப் பேசினாள். கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், ஊரின் ஓரத்தில் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி பழுப்புக் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கால்சட்டைப் பை முழுக்கக் கேரட் துண்டுகள். பேசிக்கொண்டே ஒன்றைக் குதிரைக்குக் கொடுத்தாள், ஒன்றைத் தானும் கடித்தாள்.

"நொண்டலை டாக்டர். ஆனா திரும்பறப்ப முன்பக்க இடது காலை வேண்டாவெறுப்பா வைக்குது. புது மருமக மாதிரி, என்ன வலிக்குதுன்னு வாயத் திறக்க மாட்டேங்குது."

"எங்க வாங்கினீங்க?"

"ஒரு தரகர் மூலமா. யாரோ பெரிய வீட்டுப் பொண்ணு ஆசையா வளர்த்ததாம். கல்யாணமாகி வெளிநாடு போயிடுச்சாம். ரேஸ் பக்கமே தலை வச்சுப் படுக்காத குதிரைன்னார். அவ்வளவு சாது. இருக்கறதுலயே பொடிசுங்களை இது மேலதான் ஏத்தறேன்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. நரம்பு இழுத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக டாக்டர் குனிந்து, இடது காலை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. சேறு என்று நினைத்து இன்னொரு பஞ்சை எடுத்தாள். அதுவும் பழுப்பு. கையுறையின் விரல்களிலும் பழுப்பு வழிந்தது.

ஒட்டடைக்குச்சி எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, முதல் தண்ணிக்கே சாயம் போற துணி மாதிரி?"

டாக்டர் துடைத்துக்கொண்டே போனாள். பழுப்புக்கு அடியிலிருந்து வெள்ளை முடி வந்தது. காலைச் சுற்றி வளையல் போல வெள்ளை. அதன் நடுவில், உட்பக்கமாக, ஒரு சின்னக் கருப்பு மச்சம். அந்த மச்சத்தை அவளுக்குத் தெரியும். அத்தான் லாயத்திலிருந்து முதல் வாரமே வந்த குதிரை அது. ஊசி போடும்போது அடம் பிடிக்காமல் நின்றதால் அவளும் ஒட்டடைக்குச்சியும் மச்சக்காரி என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். பண்ணையில் புல் மேய்ந்துகொண்டிருக்க வேண்டிய மச்சக்காரி.

பஞ்சைக் கீழே போடப் போனவள், என்னவோ தோன்றி அதை மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணைக் கரிக்கிற அந்த நெடி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்கா வீட்டுக் குளியலறையிலிருந்து வருகிற நெடி. அத்தானின் மீசை மை.

குளிர்ந்துபோன கால்களைச் சாக்கிலிருந்து எடுத்த கை அது. சீழையும் ரத்தத்தையும் துடைத்த கை. அந்தக் கையுறையைக் கழற்றுவதற்குள் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சோப்புப் போட்டு, மறுபடி போட்டு, முழங்கை வரை கழுவினாள்.

அன்றைக்கே மருந்து ஏற்றி, கேமரா முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். பழைய படத்தில் பட்டாணி அளவு இருந்த பொட்டு, இப்போது திராட்சை அளவுக்கு ஊறியிருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, டாக்டர் அந்தப் பெண்ணிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இது ரேஸ் குதிரை. கால் உள்ளே ஒடிந்துகொண்டிருக்கிறது. இதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். விற்றவர் என் அத்தான்.

அந்தப் பெண் திரையிலிருந்து திரும்பினாள்.

"நேத்து ஒரு நாலு வயசுப் புள்ள இது முதுகுல உக்காந்துக்கிட்டு வேகமாப் போ வேகமாப் போன்னு கத்திச்சு. நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட மட்டும் சொல்ல ஆள் இல்ல. அப்படித்தானே?"

"வித்தது எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொன்னா ஆச்சா?"

மருந்தின் வீரியம் இறங்கும் வரை குதிரையைத் தனிக் கொட்டிலில் கட்டிவைத்துவிட்டு, டாக்டர் ஒட்டடைக்குச்சியிடம் ஆஸ்பத்திரி ஜீப்பை எடுக்கச் சொன்னாள். இருவரும் பண்ணைக்குப் போனார்கள்.

பண்ணை இருந்தது. கம்பி வேலி இருந்தது. இடுப்பளவு முள்ளுச் செடி இருந்தது. உள்ளே தகரக் கொட்டகைக்கு முன்னால் காவல்காரர் ஒருவர் ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"குதிரைங்க எங்கங்க?" என்றார் ஒட்டடைக்குச்சி.

"குதிரையா? நான் இங்க வந்து மூணு மழை பார்த்துட்டேன். கொசுதான் மேயுது."

"பக்கத்துல வேற பண்ணை இருக்கா?"

"முதலாளிக்கு இது ஒண்ணுதான். இதையும் விக்கப் போறதாப் பேச்சு."

திரும்பி வரும் வழியில் ஒட்டடைக்குச்சி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "மத்ததெல்லாம் எங்க போச்சோ" என்றார். அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கீழே சாப்பாடு தயாராக இருந்தது. அத்தானுக்குப் பிடித்த நல்லி எலும்பு. அவர் ஒரு துண்டை எடுத்து, ஓட்டையில் வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். வரவில்லை. தட்டின் ஓரத்தில் டக் டக்கென்று தட்டிவிட்டு மறுபடி உறிஞ்சினார். மீசையில் ஒரு துளி மஜ்ஜை ஒட்டிக்கொண்டது.

"வா வா டாக்டரம்மா. இன்னைக்கு லேட்டா?"

"மச்சக்காரி எப்படி இருக்கா அத்தான்?"

"ஜம்முனு இருக்கா. நேத்துதான் பண்ணைக்காரன் போன் பண்ணான். ஒரு சுத்து பெருத்துட்டாளாம். நீ கண்டுபிடிச்சதால பிழைச்சா."

நாக்குக் கூசவில்லை. குரல் ஒரு இழை பிசகவில்லை. அந்த மீசையில் ஆடிக்கொண்டிருந்த துளியிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இன்னைக்கு அவ என் ஸ்கேன் ரூம்ல இருந்தா. கால்ல பூசின மை கையோட வந்துடுச்சு."

அத்தான் அதிர்ந்துபோவார், தட்டைத் தள்ளுவார், கோபப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் எலும்பைத் திருப்பி மறுபக்கம் வாயை வைத்தார்.

"உள்ளூர்லயேவா தள்ளிட்டான் அந்தத் தரகன்? தூரமா அனுப்புடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சோம்பேறிப் பய."

"ஆறு மாசம் ரெஸ்ட்னு எழுதியிருந்தேன்."

"நான் ஓட்டினேனா? நீ ஓட்டாதேன்னே, ஓட்டலை. நிக்க வச்சு ஆறு மாசம் தீனி போட இது என்ன தர்மசத்திரமா? நொண்டுற குதிரைய எவன் வாங்குவான்? நொண்டறதுக்கு முன்னாடி கைய விட்டு அனுப்பணும். அதுக்குத்தானே உன் கேமரா."

"குழந்தைங்க ஏறுது அத்தான் அது மேல."

"குழந்தைங்க என்ன பெரிய கனமா?" என்று சொல்லிவிட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார்.

அக்கா பாத்திரத்தோடு வந்து நின்றாள். "சாப்பிடற இடத்துல எதுக்கு இந்தப் பேச்சு? முதல்ல உக்காரு நீ."

"அக்கா, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

அக்காவுக்குக் கேள்வியே புரியாதது போல இருந்தது. "தெரியாம? உன் ரிப்போர்ட்டை இவருக்கு வேற யாரு படிச்சுச் சொல்றதுன்னு நினைச்சே? ஒரு வரியாவது இவருக்குப் புரியுமா? நான்தான் உக்காந்து, எதுல பொட்டு இருக்கு, எது பெருசு, எதை முதல்ல அனுப்பணும்னு பிரிச்சுத் தருவேன். என் தங்கச்சி கண்ணு எக்ஸ்ரேயவிடக் கூர்மைன்னு இவர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கார்."

"ஊரெல்லாம்னா?"

"எல்லா லாயத்துலயும்தான். பின்ன அத்தனை பேரும் குதிரையக் கொண்டுவந்து உன்கிட்ட விட்டது எதுக்குன்னு நினைச்சே? ஆராய்ச்சி மேல பக்தியா?" அக்கா சிரித்தாள். சிரித்தபடியே அவள் தட்டில், இருப்பதிலேயே பெரிய நல்லித் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

டாக்டர் எழுந்து மாடிப்படி ஏறினாள். குளியலறைக்குள் போவதற்குள் வந்துவிட்டது. நினைவு தெரிந்த நாளாக அவள் வாந்தி எடுத்ததில்லை. குடலே வெளியே வந்துவிடும் போல எடுத்தாள். எடுக்க எடுக்க, பின்னாலேயே ஓடிவந்த அக்கா ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு மறுகையால் முதுகைத் தடவிவிட்டாள்.

"நேரத்துக்குச் சாப்பிடாம அலைஞ்சா இப்படித்தான். கொஞ்சம் வெந்நீர் போட்டுத் தரவா?"

அந்தக் கை மெத்தென்று இருந்தது. அதில் நல்லி வாடை அடித்தது. சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை. அதைத் தட்டிவிடவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை. "நீ கீழ போக்கா" என்றாள். அக்கா போகவில்லை. "நீ கீழ போ" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் போனாள்.

மறுநாள் டாக்டர் குதிரையேற்ற வகுப்புக்காரப் பெண்ணிடமிருந்து தரகரின் எண்ணை வாங்கினாள். அத்தானின் கொழுந்தியாள் என்று சொன்னதுமே தரகர் குழைந்துவிட்டார். எந்தக் குதிரை யாரிடம் போனது என்று கடகடவென்று ஒப்பித்தார். ஏதோ சேவையைப் பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "மை பூசறது என் ஐடியா இல்லீங்க, முதலாளியோடது. அவர் பாட்டிலையே குடுத்து விட்டார்" என்று அடக்கமாக வேறு சொன்னார்.

அவளும் ஒட்டடைக்குச்சியும் ஒவ்வொருவராகத் தேடிப் போனார்கள். ஒரு குதிரை செங்கல் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அவள் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். படத்தையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா இது நின்னா என் அடுப்பும் நின்னுடும்" என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. இன்னொரு குதிரையை வாங்கிய ஒரு மரக்கடைக்காரர் மட்டும் தரகரைக் கெட்ட வார்த்தையில் வைதுவிட்டு, குதிரையை அன்றைக்கே ஓய்வுக்கு விட்டார். சாம்பல் நிறக் குதிரை ஒன்று கடற்கரையில் சவாரிக்குப் போவதாகத் தரகர் சொல்லியிருந்தார். அங்கே போய்க் கேட்டபோது, "அது போன வாரமே விழுந்திடுச்சே" என்றான் சவாரிக்காரன். மேலே உட்கார்ந்திருந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டதாம். குதிரையை லாரிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த சாக்கு வந்தபோது டாக்டர் அவிழ்க்கத் தயங்கினாள். ஒட்டடைக்குச்சி அவிழ்த்தார். நாலைந்து கால்களுக்கு அடியில் சாம்பல் நிற முடியோடு ஒன்று கிடந்தது. அதன் மேல் உப்பும் மணலும் இன்னும் ஒட்டியிருந்தன. அவள் அதைக் கழுவி, மேசையில் வைத்து, வரிவரியாகப் படம் எடுத்தாள். எலும்பு கண்ணாடி உடைந்ததுபோல உடைந்திருந்தது. விரிசல் தொடங்கிய இடத்தைத் தேடி, தன் பழைய படத்தோடு பொருத்திப் பார்த்தாள். கருப்புப் பொட்டு இருந்த அதே இடம். ஒரு நூல்கூட விலகவில்லை.

இவ்வளவு துல்லியமாக அவள் கணிப்பு பலித்ததற்கு வேறு ஒரு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். இப்போது தன் கண்ணின் கூர்மையே அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் படத்தைப் பார்த்துத்தான் இந்தக் குதிரையை ஒருவன் விற்றான், வாங்கியவனும் ஏறியவனும் மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஒட்டடைக்குச்சி வெளியே போய், மரத்தடியில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

பந்தயச் சங்கத்துக்குப் புகார் எழுதினாள். விற்பனை என்பது முதலாளிக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விஷயம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தவரின் லாயத்திலிருந்தும் குதிரைகள் ஸ்கேனுக்கு வந்துகொண்டிருந்தன.

அந்த மாதம் முதலாளிகள் கூடினார்கள். ஆராய்ச்சியில் அடுத்து என்ன செய்யலாம் என்று பேசத்தான் கூட்டம். குளிரூட்டிய அறை, வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். டாக்டர் எழுந்தாள்.

"இனிமே பொட்டு விழுந்த குதிரையோட படம் உங்களுக்கு மட்டும் வராது. அந்தக் குதிரை யார் கைக்குப் போனாலும் அவங்களுக்கும் போகும். வாங்க வர்றவங்க வந்து கேட்டா அவங்களுக்கும் காட்டுவேன். மை பூசினா துடைச்சுட்டுக் காட்டுவேன்."

ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், எங்க குதிரையோட எலும்பு எங்க சொத்து. அதை நாலு பேருக்குக் காட்டறதுக்கு நீங்க யாரு?"

"எலும்பு குதிரையோடதுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தான் எழுந்துவந்து அவள் தோளில் கையை வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. நம்ம வீட்டுப் பொண்ணு, ராப்பகலா உழைக்குது, கொஞ்சம் களைச்சுப் போச்சு" என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். "ஒரு வாய் தண்ணி குடிம்மா."

தோளில் இருந்த கையை அவள் இரண்டு விரலால், செத்த எலியை எடுப்பதுபோல எடுத்துக் கீழே விட்டாள். "தொடாதீங்க" என்றாள். உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. சர்க்கரை வழிகிற அந்த முகம் சுருங்கியதை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தாள்.

அந்த வாரமே எல்லா முதலாளிகளும் குதிரைகளை ஆராய்ச்சியிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். வேறு ஊரிலிருந்து ஸ்கேன் எடுக்க ஒருவர் வருவதாகவும், அவர் ரகசியம் காப்பதில் கில்லாடி என்றும் பேச்சு அடிபட்டது. ஆஸ்பத்திரி நிர்வாகி அவளைக் கூப்பிட்டு, நன்றாக நடந்த ஆராய்ச்சியைக் கெடுத்துக்கொண்டாயே என்றார். அவள் செய்த காரியத்தால் ஒரு பந்தயக் குதிரைகூடப் பிழைத்துவிடவில்லை என்பதை அவர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. தெரிந்துதான் இருந்தது.

அக்கா வீட்டு மாடியைக் காலி செய்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். மூட்டை கட்டுகிற அன்று அக்கா வாசலில் நின்று அழுதாள். "ஒரு மிருகத்துக்காகக் கூடப் பொறந்தவள விட்டுட்டுப் போறியே" என்றாள். டாக்டருக்கும் அழுகை வந்தது. ஆனால் அக்கா கட்டிக்கொள்ள வந்தபோது உடம்பு தானாகப் பின்னால் நகர்ந்தது. அதை அக்காவும் பார்த்துவிட்டாள்.

மச்சக்காரியை மட்டும் வகுப்புக்காரப் பெண் விடவில்லை. திருப்பிக் கொடுத்தால் மறுபடி யாரோ ஒருத்தர் தலையில் கட்டுவார்கள் என்பதால் தானே வைத்துக்கொண்டாள். கொட்டிலில் மெத்தென்று மரத்தூள் போட்டு, முதலில் நிற்க மட்டும் விட்டாள். பிறகு கையில் பிடித்துக்கொண்டு நடை. குழந்தைகள் ஏறக்கூடாது என்று சொன்னதால், அவர்கள் வேலிக்கு வெளியே நின்று கேரட் நீட்டினார்கள். டாக்டரிடம் அவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தேதி தவறாமல் குதிரையைக் கொண்டுவந்தாள்.

ஆறாவது மாதத்தில் மறுபடி மருந்து ஏற்றினார்கள். மச்சக்காரி மயக்க ஊசியில் கேமராவின் முன்னால் தூங்கி வழிந்தபடி நின்றாள். கீழுதடு தொங்கியது, அதிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. ஒட்டடைக்குச்சி தலையைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். திரையில் எலும்பின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்தது. திராட்சை இல்லை. பட்டாணி இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான்.

"ஆறுது" என்றாள் டாக்டர்.

"பசங்களை ஏத்தலாமா?" என்றாள் அந்தப் பெண்.

"நடை மட்டும். இன்னும் மூணு மாசம் ஓட்டம் கூடாது."

"சரி." கொஞ்சம் நின்றுவிட்டு, பையிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்து, குதிரைக்குக் கொடுக்க முடியாததால் டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் வாங்கிக்கொண்டாள்.

அப்போது மேசையில் போன் அடித்தது. அக்கா. டாக்டர் எடுத்தாள்.

"இன்னைக்காவது வாயேன். உனக்குப் பிடிச்சதா செஞ்சு வச்சிருக்கேன்" என்றது அக்காவின் குரல். பின்னாலிருந்து அத்தான் எதற்கோ சிரிப்பது கேட்டது.

"சாப்பிட்டுட்டேன்க்கா."

"இவ்வளவு சீக்கிரமா?"

"ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மச்சக்காரி கால்களை அகட்டி, கேமராவுக்கு ஒரு சாண் தள்ளி, நிதானமாக மூத்திரம் பெய்யத் தொடங்கினாள்.

"அம்மா, வாளி வாளி!" என்று கத்தினார் ஒட்டடைக்குச்சி. டாக்டர் ஓடிப்போய் வாளியைப் பிடித்தாள். பாதிக்கு மேல் அவள் கை மேலேயே கொட்டியது. கையுறை வழியே சூடாக இறங்கியது. அவள் முகத்தைச் சுளிக்காமல், நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.